சீதன உறுதிக்குள் போன வலைக்கடை

துறைமுக வீதி,
திருகோணமலை.

அன்பு மகன் இஹ்ஸானுக்கு உம்மா எழுதிக்கொள்வது.

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் வைத்த வைப்பில் இங்கே எல்லோரும் நல்ல சுகம், சீனி வருத்தம் மட்டும் என்னை விட்டுப் போக மனமில்லாமல் கூடவே இருக்கிறது. அங்கே நீயும் மருமகள் ஷாமிலாவும் பிள்ளைகளும் சுகமாக இருக்க ஐந்து நேரமும் துஆக் கேட்கிறேன். நீ வட்ஸ்அப்பில் அனுப்பிய பதினெட்டு நிமிடப் பேச்சைக் கேட்டேன். உன் தங்கை பஸ்மியாவின் மகள் நப்லா, இதை வேகமாக ஓடவிட்டும் கேட்கலாம் உம்மம்மா என்றாள், வேண்டாம் மகள், வருடத்துக்கு ஒருக்கால் பேசுகிற மனிதர், முழுக்கவே கேட்போம் என்று சொல்லிப் பொறுமையாக இருந்து கேட்டேன். பதிலை நான் கடுதாசியில் எழுதுவதும் அதனால்தான், கடுதாசியை வேகமாக ஓடவிட யாருக்கும் ஏலாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் மறிக்கப்பட்டவளுக்கு நாற்பத்திரண்டு கேள்வியும் அனுப்பியிருக்கிறாய், மெல்பேர்னில் சின்ன வியாபாரம் செய்கிறவர்கள் எல்லோரும் இப்படித்தான் மவுத்துக்கு முதலே எழுதி வைக்கிறார்களாம். நப்லா தமிழில் வாசித்துச் சொன்னாள். உங்கள் நிறுவனத்தின் முக்கிய நபர் திடீரென இறந்தால் என்ன செய்வீர்கள் என்று ஒரு கேள்வி. குளிப்பாட்டிக் கபனிட்டு அடக்கம் செய்வோம் மகன், உன் வாப்பாவுக்கும் அப்படித்தான் செய்தோம், நீ வீடியோவில் பார்த்தாயே.

உன் திட்டம் எனக்கு நன்றாக விளங்கியது. வாப்பா மவுத்தாகி மூன்று வருடம், வலைக்கடை இன்னமும் அவர் பெயரிலேயே பதிவாகிக் கிடக்கிறது, உம்மாவுக்கு எழுபத்தாறு வயது, வீடு பொம்பிளைப் பிள்ளைக்குச் சீதனமாகப் போய்விட்டது, கடை ஆம்பிளைப் பிள்ளைக்குத்தான், ஆகையால் கடையை உன் பெயருக்கு மாற்றி மச்சான் அர்ஷாக்கை மனேஜராகப் போடுவோம் என்கிறாய். என் வயதைச் சரியாகச் சொன்னதற்குச் சந்தோஷம். உன் மனேஜரைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். பஸ்மியாவைக் கட்டி இருபது வருடமாக இந்த வீட்டில் சாப்பிடுகிறார், நங்கூரக் கயிறு எது வலைக் கயிறு எது என்று இன்றைக்கும் நப்லாவிடம் கேட்கிறார். போன நோன்புக்கு முதல் நாள் பஸ்மியா காய்ச்சலில் படுத்திருக்க இவர் கடைக்குள் இருந்தார். நிலாவெளித் தர்மசீலன், மூன்று வள்ளம் வைத்திருக்கிறவர், இரண்டரை அங்குலக் கண் வலை கேட்டு ஆள் அனுப்ப இவர் முக்கால் அங்குலத்தைக் கட்டிக் கொடுத்துவிட்டார். மறுநாள் தர்மசீலன் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, ஏன் அக்கா, இது மீனுக்கோ இல்லாட்டி கட்டிலில நுளம்புக்குக் கட்டவோ என்று வாசலில் நின்று கேட்டார், தெருவே சிரித்தது. வாப்பா படுக்கையில் விழுந்த நாளிலிருந்து கடைக் கதிரையில் இருக்கிறது பஸ்மியா. வலைக் கண்ணுக்குள் இரண்டு விரலை விட்டுப் பார்த்து இது எந்த மீனுக்கு, எந்த மாதத்துக்கு என்று சொல்வாள். உப்புவெளியிலிருந்து வருகிற ஆட்கள் படியில் கால் வைக்க முதலே பஸ்மியா தங்கச்சி நிக்கிறாவோ என்றுதான் கேட்கிறார்கள், அவள் இல்லையென்றால் பிறகு வாறம் என்று திரும்பி விடுகிறார்கள். உன் நாற்பத்திரண்டு கேள்வியில் அவளைப் பற்றி ஒன்றுமில்லை, நான் இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிப் பார்த்தேன்.

ஆனாலும் படித்த மகன் சொல்கிறான் என்று, அலுமாரியில் கிடந்த காணி உறுதிகளை எல்லாம் பையில் போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் இருக்கிற சட்டத்தரணி கீர்த்தனியின் கந்தோருக்குப் போனேன். நல்ல பிள்ளை, சீனி போடாத தேத்தண்ணி தந்தாள். வாசித்தாள், திரும்பவும் முதலிலிருந்து வாசித்தாள், பிறகு அம்மா, உங்கட கடை எந்தக் காணியில இருக்குது என்று கேட்டாள். வீட்டுக்கு முன்னால, ஒரே வளவு என்றேன். அப்ப அம்மா, கடை நிக்கிற நிலம் உங்கட இல்லை, உங்கட அவரின்ரயும் இல்லை, இருபது வருசமா மகளின்ர என்றாள். எனக்கு உடனே எல்லாம் நினைவு வந்தது, வராமல் எங்கே போகும். சுனாமிக்கு அடுத்த வருடம், ரஜப் மாதம், திங்கட்கிழமை. அர்ஷாக்கின் உம்மா ஜெஸீமா கிண்ணியாவிலிருந்து தன் தம்பியையும் அளவு நாடாவையும் கூட்டிக்கொண்டு வந்தா. சீதனமாகப் பேசியது இருபது பேர்ச் காணி. வீட்டுக் காணி நாடாவில் பதினாறுதான் வந்தது. பதினாறு பேர்ச்சுக்குள்ள அடைக்க என்ட மகன் என்ன கோழியா என்று கேட்டா. என் கையால் சமைத்த இறைச்சியை இரண்டாம் தரம் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டுதான் கேட்டா. நாள் குறித்த கலியாணம் தள்ளிப்போனால் ஊர் என்ன கதைக்கும் என்று வாப்பாவுக்குப் பயம், முன்னால் கடை நிற்கிற நாலு பேர்ச்சையும் சேர்த்து இருபதாக எழுதுங்கோ என்று உறுதி எழுதுகிற நொத்தாரிசுக்குச் சொல்லிவிட்டார். எழுத்துத்தானே போகுது, கடை அதிட இடத்திலதானே நிக்கும் என்றார். குசினிக்குள் நின்று வேண்டாம் வேண்டாம் என்று நான் கத்தினேன். அப்போது ஒரு படித்த பிள்ளை உள்ளே வந்து, உம்மா சும்மா இருங்க, இது சும்மா ஒரு பேப்பர்தானே என்று என் வாயை மூடியது. அந்தப் பிள்ளை யார் என்று உனக்கு மறந்திருக்கும். உறுதியின் கடைசிப் பக்கத்தில் கீர்த்தனி விரலை வைத்துக் காட்டினாள், முதலாம் சாட்சி நொத்தாரிசின் எழுத்தர், இரண்டாம் சாட்சி முஹம்மதுத்தம்பி மகன் இஹ்ஸான். கையெழுத்து மிகவும் அழகாக இருக்கிறது, உன் படிப்புக்குச் செலவழித்தது வீண் போகவில்லை.

ஆக இப்போது கடையின் பெயர் கபுரில் இருக்கிறவருக்கு, நிலம் உன் தங்கைக்கு, உள்ளே கிடக்கிற வலைக்கும் கயிற்றுக்கும் வியாபாரத்துக்கும் மார்க்கப் பங்குப்படி எனக்கு எட்டில் ஒன்று, மிச்சத்தில் அவளுக்கு ஒரு பங்கென்றால் உனக்கு இரண்டு பங்கு. பெரிய பங்காளி நீதான். ஆனால் பங்கை இறக்கி வைக்க உனக்கு இங்கே ஓர் அடி நிலமில்லை, மெல்பேர்னுக்குக் கப்பலில் ஏற்றி விடட்டுமா. இந்தச் செய்தி வெளியே போனதும் உன் மச்சானுக்கு வந்த சுறுசுறுப்பைப் பார்க்க வேண்டுமே. அன்றைக்குப் பின்னேரமே கடை வாசலில் குறுக்கும் நெடுக்கும் நடந்து அளந்தார், நிலாவெளிக்குப் போகிற வெள்ளைக்காரருக்கு இதில் கோப்பிக் கடை போட்டால் எப்படியிருக்கும் மாமி, வலை ஒரே மணமா இருக்குது என்கிறார். அந்த மணத்தில்தான் அவர் இருபது வருடம் வயிறு வளர்த்தது. எட்டு வருடமாக என்னோடு பேசாத ஜெஸீமா போன் எடுத்து என் முழங்காலைச் சுகம் விசாரித்தா. வியாபாரம் மூன்று பேர் பெயரில் இழுபட்டுக் கிடக்கும்வரை, இதை மூடிப் பங்கைப் பிரித்துவிடுவோம் என்று அர்ஷாக் தினமும் சொல்லுவார், நான் கண்ணை மூடினால் மூடியே விடுவார். நிலமும் தொழிலும் ஒரே கையில் இருந்தால் பஸ்மியாவை அசைக்க ஒருவருக்கும் ஏலாது. அவளோ உன்னை நினைத்துக்கொண்டு, நானாட மனம் நோகப்படாது உம்மா, அந்த நாலு பேர்ச்சையும் அவருக்கே திருப்பி எழுதிக் குடுப்பம் என்கிறாள். நல்லாக ஏசினேன். கடைக்குள் போய் வலைக்கு மிதப்புக் கட்டிக்கொண்டு இருந்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் கட்டினாள்.

என்னுடைய எட்டில் ஒன்றை அவளுக்கு எழுதிக் கையெழுத்தும் வைத்துவிட்டேன். உன் இரண்டு பங்கையும் தங்கைக்கு விட்டுக்கொடுப்பதாகக் கீர்த்தனி எழுதிய பத்திரம் இதே உறைக்குள் இருக்கிறது. அங்கேயுள்ள நமது தூதரகக் கந்தோரில் அதிகாரிக்கு முன்னால் கையெழுத்து வைத்து அனுப்ப வேண்டும். அதோடு கடைப் பதிவையும் அவள் பெயருக்கு மாற்றலாம். இந்தத் தரமாவது முழுக்க வாசித்துப் பார்த்துக் கையெழுத்து வை. வாசிக்க முதல் இன்னொன்றையும் அறிந்துகொள். உங்கட மனிதர் கடைசியில் ஏதாவது சொன்னவரா அம்மா என்று கீர்த்தனி கேட்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். ஜெஸீமா எத்தனை துண்டு இறைச்சி போட்டா என்று எண்ணி வைத்திருக்கிறவள் நான், எனக்கு யோசிக்க என்ன இருக்கிறது. ஆஸ்பத்திரியில், அஸர் தொழுகை முடிந்த நேரம், வாப்பா என் கையைப் பிடித்து, கடையை இஹ்ஸானுக்குக் குடு, பிள்ளை திரும்பி வருவான் என்றார். கேட்டது நான் ஒருத்திதான். மூன்று வருடம் ஒருவருக்கும் சொல்லவில்லை, பஸ்மியாவுக்கும் தெரியாது. இதை நான் கபுருக்குக் கொண்டுபோனால் கேட்க ஆளில்லை. ஆனால் அவருடைய கடைசி வார்த்தையை ஒளித்து வைத்து உன்னிடம் கையெழுத்து வாங்க எனக்கு ஏலாது மகன். அவர் சொன்னது கடையைக் குடு என்று மட்டுமல்ல, நீ திரும்பி வருவாய் என்றும்தான். வருகிறாய் என்றால் பத்திரத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வா, வந்து அந்தக் கதிரையில் இரு, கண் அளவு பார்க்கத் தங்கை பழக்குவாள், நானும் ஒரு சொல்லும் சொல்ல மாட்டேன். வரமாட்டாய் என்றால் கையெழுத்தை வை. மனேஜர் வைத்து நடத்துகிற வழி இந்த வீட்டில் இல்லை.

ஷாமிலாவுக்கு என் ஸலாமைச் சொல், பிள்ளைகளின் நெற்றியில் நான் முத்தம் கொடுத்ததாக நினைத்து நீ கொடு. குளிருக்குக் காதை மூடிக்கொள், சின்னதிலேயே உனக்குக் காது வலிக்கும். பதிலைக் கடுதாசியிலேயே அனுப்பு, வருகிறதாக இருந்தால் அதுவும் வேண்டாம். அல்லாஹ் உன் உழைப்பிலும் ரிஸ்கிலும் பரக்கத்தையும் மனதில் நிம்மதியையும் தந்து காப்பானாக, ஆமீன்.

இப்படிக்கு,
கடைச் சாவியை இன்னும் இடுப்பில் வைத்திருக்கும்
உன் உம்மா பல்கீஸ்