ஜெனி பொய் சொல்ல மறுத்த ஞாயிற்றுக்கிழமை

என் உயிரான கிரேஸ் அக்காவுக்கு,

யாரிடமும் பேச முடியாமல் உனக்கு எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தாலும் படிக்கட்டும். சபையில் பாதிப் பேர் எங்கள் கதையை அவர்கள் இஷ்டத்துக்குச் சொல்லி முடித்துவிட்டார்கள்.

ஐந்து வயதுக் குழந்தையாக நீ என்னிடம் விட்டுப்போன ஜெனி இப்போது என்னைவிட உயரம். சிரித்தால் அப்படியே நீதான். மிஷன் காலேஜில் இரண்டாம் வருஷம் கெமிஸ்ட்ரி படிக்கிறாள். செராமிக் கம்பெனியில் பீங்கான் ஃப்யூஸ் கட்டையை நான் முக்கி எடுக்கும் கிளேஸ் என்ற பளபளப்புப் பூச்சில் என்னென்ன கலந்திருக்கிறது என்று எனக்கே பாடம் நடத்துவாள். லீவுக்கு வந்தால் சபையில் முதல் வரிசையில் நின்று பாடுவாள்.

போன மாதம் ஒரு மத்தியானம், நான் வேலையில் இருந்தபோது ஹாஸ்டலிலிருந்து போன் வந்தது. "உங்க ஜெனியும் இங்க இன்னொரு பொண்ணும் ஒருத்தர ஒருத்தர் விரும்புறாங்களாம்மா. கேட்டா மறைக்கக்கூட இல்ல, ஆமாங்கிறாங்க. இது தேவனோட பிள்ளைங்க படிக்கிற எடம். வந்து கூட்டிட்டுப் போயிடுங்க" என்றார் வார்டன்.

கைகூடச் சரியாகக் கழுவாமல் பஸ் ஏறினேன். கவிதா என்ற அந்தப் பெண் ஸ்ரீமுஷ்ணத்துக்காரி. அவள் வீட்டார் எனக்கு முன்பே வந்துவிட்டார்கள். "பெருமாளே, ஒனக்கு என்னா கொற வெச்சோம்" என்று அவள் அம்மா சுவரில் சாய்ந்து அழுதார். நான் பக்கத்தில் நின்று ஏசப்பா, ஏசப்பா என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சாமிதான் வேறு, இரண்டு பேரும் கேட்ட கேள்வி ஒன்றுதான். கவிதாவின் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டு அவளைக் கூட்டிப் போனார்கள். அதற்குப் பிறகு அவளைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

திரும்பி வரும்போது ஜெனி ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்: "எனக்குப் பசங்க மேல அப்படித் தோணவே இல்ல சித்தி. சின்ன வயசுலேருந்தே. மாத்திக்குடுன்னு நானும் எவ்ளோ ஜெபம் பண்ணியிருக்கேன், தெரியுமா?"

எனக்குத் தெரியாது அக்கா. கண்ணை மூடி அவள் ஜெபிக்கும்போதெல்லாம் பரீட்சைக்காக என்றுதான் நினைத்தேன்.

என் வீட்டுக்காரர் சபை மூப்பர். கொடுமைக்காரர் இல்லை. ஜெனிக்குக் காய்ச்சல் என்றால் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர். அதனால்தான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது. இந்தப் பிள்ளை நரகத்துக்குப் போய்விடுமோ என்று நிஜமாகவே பயந்து அழுகிறார். பைபிளைத் திறந்து வசனத்தைக் காட்டுகிறார். அந்த வசனம் அங்கேதான் இருக்கிறது. இல்லை என்று நான் எப்படிச் சொல்வேன்?

பாஸ்டர் ஒரு வழி சொன்னார். உபவாச ஜெபம் செய்வது. பிறகு ஞாயிறு ஆராதனையில் ஜெனி எல்லார் முன்னாலும் நின்று, அசுத்த ஆவி என்னை விட்டுப் போனது, விடுதலை கிடைத்தது என்று சாட்சி சொல்ல வேண்டும். சொன்னால் காலேஜில் அவரே பேசி மறுபடி சேர்த்துவிடுவார்.

"ஒரு வார்த்தைதானே கண்ணு, சொல்லிடேன். படிப்பு போயிடும்" என்று கெஞ்சினேன்.

"ஆராதனையில நின்னு பொய் சொல்லச் சொல்றியா சித்தி?" என்று கேட்டாள். கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பதுபோலத்தான் கேட்டாள்.

உபவாசம் இருந்தாள். எண்ணெய் பூசி, தலையில் கைவைத்து ஜெபித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் மைக்கைக் கொடுத்தார். 

"கர்த்தர் என்னைக் கைவிடல. ஆனா நான் மாறல. மாறிட்டேன்னு அவரோட வூட்டுல நின்னு சொல்ல மாட்டேன்" என்றாள் உன் மகள்.  ஒவ்வொரு வார்த்தையையும் தெளிவாகச் சொன்னாள்.

பின்வரிசையில் ஒருத்தர் "சோதோம்" என்றார், கர்த்தர் அக்கினியால் அழித்த ஊரின் பெயர். யாரோ கையை நீட்டி அவளிடமிருந்து மைக்கை வாங்கினார்கள். பாஸ்டர் என் பக்கம் திரும்பினார். "வளர்த்தவங்க நீங்க சொல்லுங்க சிஸ்டர். பிள்ளை பக்கமா, கர்த்தர் பக்கமா?"

எழுந்து நின்றேன்.  முன்னால் போய் ஜெனியின் கையைப் பிடித்தேன். ஐஸ் மாதிரி இருந்தது. அப்படியே வெளியே கூட்டிவந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் எழுந்திருக்கவில்லை. குனிந்த தலையோடு உட்கார்ந்திருந்தார்.

"அவ மனசு திரும்புற வரைக்கும் இந்த வூட்டுல வெச்சிக்க முடியாது எஸ்தர். நீ மட்டும் வா" என்றார் சாயங்காலம், வீட்டு வாசலில் நின்று. நான் போகவில்லை. கம்பெனிக்குப் பக்கத்தில் ஒரு அறை எடுத்துத் தங்கியிருக்கிறோம். காலேஜுக்குப் போன் செய்தால் எடுப்பதில்லை. ஜெனி சரியாகச் சாப்பிடுவதில்லை. அவள் தூங்கினால் மூச்சு வருகிறதா என்று பார்க்கிறேன். அவள் பாத்ரூமில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டால் கதவைத் தட்டுகிறேன். இப்படி எத்தனை நாளைக்கு?

எனக்கு விசுவாசம் போய்விடவில்லை அக்கா. போயிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். காலையும் மாலையும் முழங்கால் போடுகிறேன். செய்தது சரிதானா என்று கேட்கிறேன். நீ உயிரோடு இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய்? எனக்கு முன்னால் எழுந்து போயிருப்பாயா? இல்லை, என் வீட்டுக்காரரைப்போல உட்கார்ந்திருப்பாயா? அதுகூட எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

நீ கர்த்தரிடம் இருக்கிறாய் என்று நம்புகிறேன். ஒரு நாள் அங்கே உன்னைப் பார்ப்பேன் என்ற நினைப்பில்தான் இத்தனை வருஷத்தையும் ஓட்டினேன். ஆனால் இவர்கள் சொல்வதுதான் உண்மை, ஜெனிக்கு அங்கே இடமில்லை என்றால், நானும் வரப்போவதில்லை. உன்னைப் பார்க்க முடியாமலே போனாலும் சரி. அவள் எங்கே இருப்பாளோ, நானும் அங்கேதான். சத்தியமாகச் சொல்கிறேன் அக்கா.

உன் பிள்ளைக்கு இன்னொரு அம்மாவான,
உன் தங்கச்சி எஸ்தர்