குரூப்பில் எங்கள் முகம்

ஜூலை 8, திங்கள்

காலையில் தூறல். பஸ் லேட். சுடிதார் பேன்ட் ஓரமெல்லாம் சேறு.

பிளஸ் டூவுக்கு ஆளுக்கொரு டேப்லெட் கொடுத்தார்கள், வகுப்பில் மட்டும். வீட்டில் சொன்னேன். "இன்னாடி, ஜுரமா?" என்றாள் அம்மா.

இதுவரை எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் இருந்தது எல்லாம் பெண்கள்தான். படத்தில் ஒரு பெண்ணும் கிடையாது. போன் அண்ணனுடையது, அப்பாவுடையது. அதனால் மீசை, பைக், கூலிங்கிளாஸ், திருப்போரூர் முருகன். இன்று கம்ப்யூட்டர் மிஸ் டேப்லெட்டில் தனித்தனி அக்கவுண்ட் போட்டுக் கொடுத்து, "அவங்கவங்க மூஞ்சியப் போடுங்க" என்றார்.

பக்கத்தில் ரேவதி. பொட்டை எடுத்தாள், திரும்ப வைத்தாள். "நான் இப்டியா கீறேன்?" அழகாகத்தான் இருந்தாள். சொல்லவில்லை, தலைக்கனம் ஏறும்.

ரேவதி வகுப்பில் வாயே திறக்காதவள். இன்று கணக்கு மிஸ்ஸிடம் டைப் பண்ணி டவுட் மேல் டவுட்.

வாங்க: கிராஃப் நோட்டு, ஹேர் கிளிப்.

ஜூலை 10, புதன்

வெயில். தலைவலி.

செங்கல்பட்டுப் பள்ளி ஒன்றோடு வீடியோவில் கணக்குப் போட்டி. அங்கே பையன்களும் உண்டு. முதல் பதில் எல்லாம் ரேவதி. திரை முழுக்க அவள் படமும் பேரும்.

பஸ்ஸில் சொன்னாள்: "இன்ஜினியர் ஆயி கல்பாக்கத்துல வேலைக்குப் போவேன்டி. ஸ்டாஃப் பஸ்ல ஜன்னல் சீட்டு." எனக்கும் ஒரு சீட்டு பிடித்து வைக்கச் சொன்னேன்.

ஜூலை 12, வெள்ளி

ரேவதி வரவில்லை. அவள் அம்மா வந்தார்.

அந்தப் போட்டியில் எவனோ ரேவதி படத்தைத் திரையிலிருந்து எடுத்து, கீழே ஒரு இதயம் போட்டு அனுப்பியிருக்கிறான். கை மாறிக் கை மாறி திருப்போரூர் ஆட்டோ ஸ்டாண்டுக்கே வந்துவிட்டது. ரேவதி அண்ணன் சரவணன் அங்கேதான் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். "மச்சான், இது உன் தங்கச்சி தான?" அவ்வளவுதான். பெல்டால் அடித்திருக்கிறான்.

"தப்பு அவ மேல இல்லம்மா" என்றார் கம்ப்யூட்டர் மிஸ்.

"எனக்குத் தெரியாதா டீச்சர்? ஸ்டாண்டுல தல நிமிர முடியலன்றான். வூட்ல சோறு அவன் துட்டுலதான் வேவுது."

படம் எடுத்தவனை யாரும் தேடவில்லை.

ஜூலை 15, திங்கள்

மூட்டம். ரேவதி இல்லை.

பழைய குரூப்பில் அவள் என்றால் அவள் அண்ணன் போன்தான். தெரிந்தும் போட்டேன்: "ரேவதி, நாளைக்கு டெஸ்ட். வாடி." உடனே நீல டிக். பிறகு வாய்ஸ் மெசேஜ், சரவணன் குரல்: "யம்மா, இது ஆம்பள போனு. இதுல வாடி போடின்னு போட்டுகினு கீறாத. அவ வரமாட்டா."

அவன் சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

வகுப்பில் ஒவ்வொருத்தியாகப் படத்தை மாற்றினார்கள். ரோஜா. ரோஜா. முருகன். மாதா. ரோஜா. யாரும் மாற்றச் சொல்லவில்லை. மத்தியானம் வரை நான் வைத்திருந்தேன். எனக்கும் ஓர் அண்ணன் இருக்கிறான். நானும் ரோஜா. என் மேலேயே கோபம்.

கிராஃப் நோட்டு இன்னும் வாங்கவில்லை.

ஜூலை 18, வியாழன்

காற்று, கண்ணெல்லாம் மண்.

ரேவதி வந்தாள், டி.சி. வாங்க. கன்னத்தில் பூசிய மஞ்சளையும் மீறித் தடிப்பு தெரிந்தது. படிப்பு போதுமாம். தையல் கம்பெனியில் சேர்த்துவிட்டார்களாம். ஹெச்.எம். எவ்வளவோ பேசிப் பார்த்தார். அவள் அம்மா தரையையே பார்த்தார்.

"எம் படத்த எடுத்துட்டுப் போறேன் மிஸ்" என்று கம்ப்யூட்டர் மிஸ்ஸிடம் சொல்லிவிட்டு வகுப்புக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். டேப்லெட்டில் என்னவோ டைப் பண்ணிக்கொண்டே இருந்தாள்.

"இன்னாடி பண்ற?"

"சும்மா இரு."

வெளியே ஆட்டோ ஹாரன். டேப்லெட்டைப் பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்து போனாள். என்னைப் பார்க்கவில்லை.

அடுத்த பீரியட் கணக்கு. மிஸ் பெரிய திரையைப் போட்டார். ரேவதியின் மெசேஜ். படத்தை அவள் எடுக்கவே இல்லை. பொட்டு வைத்த அதே முகம்.

"மிஸ், ஏழாவது கணக்குக்கு கைடில் விடை 12. எனக்கு 18 வருகிறது. எங்கே தப்பு?"

மிஸ் போர்டில் போட்டுப் பார்த்தார். அழித்துவிட்டு இன்னொரு தடவை. பதினெட்டுதான். கைடுதான் தப்பு.

"உன் விடை சரி" என்று டைப் பண்ணி அனுப்பினார். என் பக்கத்தில், பெஞ்சில், டிங் என்றது.