விண்ணோக்கி ஊருக்கு மறுக்கப்பட்ட குறுவில்லை

ஏழ்குன்றும் இருபுனலும் ஒரு குடைக்கீழ் வைத்து ஆளும் கோப்பெருவேள் எழினிமாறர் திருவாய் மலர்ந்தருளியபடி ஓலைநாயகம் அழிசி சாத்தன் எழுதுவது. வடகுன்றக் கூற்றம் காக்கும் நெடுவேள் தித்தர் திருமுன் சேர்க. தங்கள் கூற்றத்தில் சுனைகள் வற்றாதிருக்க, தினைப்புனங்கள் கதிர் சாய விளைய, தங்கள் மனையிலுள்ளார் யாவரும் நோயின்றி வாழ்க. இங்கு அரசரும் அரசியாரும் நலம். எழுதுகிறவன் நலமாக இல்லை. அதைக் கேட்பாரும் இல்லை.

ஓலை எழுதுவோன் தன்னை 'நான்' என்று எழுதலாகாது என்பது இந்நாட்டு வழக்கமாதலால், கீழே அழிசி சாத்தன் என்று வருமிடமெல்லாம் இவ்வோலை எழுதும் பாவியையே குறிக்கும் என அறிக. அரசாணை மூன்று வரியில் அடங்கும். அதை முதலில் எழுதிவிட்டுப் போய்ப் படுத்திருக்கலாம். எழுத்தாணி அங்கே போகமாட்டேன் என்கிறது. ஆகவே நடந்ததை முன்னே வைத்து ஆணையைப் பின்னே வைக்கிறான். தாங்கள் பொறுத்தருள்க.

தங்கள் கூற்றத்து விண்ணோக்கி ஊரின் முப்பத்திரண்டு குடிகளும் தங்கள் நிலத்தை வான்காணியாக அனுபவித்து வருகிறார்கள் என்பது தாங்கள் அறிந்ததே. வால்மீன் வானில் தோன்றும்போதெல்லாம் அதன் மெய்யான படத்தை ஒளிப்பெட்டியில் பிடித்து அரண்மனையில் சேர்ப்பது அவர்கள் கடமை. அரண்மனைப் பண்டாரத்து இலச்சினை பொறித்த வில்லை கொண்டே பிடிக்க வேண்டும் என்பதும், தவறினால் நிலம் அரசர்க்கு மீளும் என்பதும் சாசனம். இரண்டு மழைக்கு முன் வந்த காய்ச்சலில் படம் பிடிக்கத் தெரிந்த அத்தனை பேரும் மாண்டார்கள். மிஞ்சியவர்கள் உழவும் ஆடும் மட்டுமே அறிந்தவர்கள், ஒளிப்பெட்டியின் மூடியை எந்தப் பக்கம் திறப்பது என்றும் அறியாதவர்கள். இந்த வேளையில்தான் நாலு மாதத்தில் வால்மீன் வரும் என்று கணியர் சொல்லிவிட்டார்கள்.

அவ்வூர்க் கிழத்தி கொற்றி என்பவள் அஞ்சவில்லை. இறந்துபோன தன் கணவனின் குறிப்பேடுகளை எடுத்து வைத்துக்கொண்டு, ஊராரைக் கூட்டி, பழுதான பெட்டியொன்றில் தட்டுத் தடுமாறிப் பழகி, தேறியதையெல்லாம் ஒரு விண்ணப்பமாக எழுதிக்கொண்டு தலைநகர் வந்து அழிசி சாத்தன் கையில் கொடுத்தாள். என்ன அருமையான விண்ணப்பம் அது! புதிதாய்ப் பழகுவோர்க்கு நீண்ட வில்லை ஆகாது. வானம் சுழன்றுகொண்டே இருப்பதால், நீண்ட வில்லை அந்தச் சுழற்சியையும் சேர்த்துப் பெரிதாக்கி, நாலு எண்ணுமுன் விண்மீன்களைக் கோடாக இழுத்துவிடும். நாலு விரல் நீளமே உள்ள குறுவில்லையானால் இருபது எண்ணும் வரை திறந்து வைக்கலாம், வால்மீனும் தலைமுதல் வால்வரை ஒரே தகட்டில் அடங்கும். வாய் மட்டும் அகன்றிருக்க வேண்டும், அப்போதுதான் மங்கிய ஒளியும் உள்ளே வரும். ஓரத்து மீன்களுக்குச் சிறகு முளைத்தாற்போல் தெரிந்தால் வாயைச் சற்றே குறுக்கிக்கொண்டால் போதும். பழைய வில்லையே போதும். மேலே கீறல் இருந்தால் பாதகமில்லை, உள்ளே பூஞ்சை படர்ந்திருந்தால் மட்டும் தொடவேண்டாம். படம் தெளிவாய் விழ, வில்லையின் வளையத்தில் வெட்டிய குறியை நம்பாமல், பிரகாசமான ஒரு மீனைப் பார்த்துத் திருப்பி, அவ்விடத்திலேயே மெழுகு வைத்து அசையாமல் செய்துவிடலாம். இத்தகைய வில்லை ஒரு பசுவின் விலைக்கு நான்கு கிடைக்கும், மலிவானதே இவ்வேலைக்கு ஏற்றது, ஆகவே மலிவானதையே தந்தருள்க என்று முடித்திருந்தாள்.

நெடுவேள் அவர்களே, இந்த அவையில் 'மலிவு' என்ற சொல் ஒலிக்கக்கூடாது. மலிந்த பொருளை அரசரிடம் கேட்பது அவர் கை சுருங்கியது என்று சொல்வதற்கு ஒப்பாகும் என்று முப்பாட்டன் காலத்திலிருந்து ஒரு கட்டு. நாற்பது ஆண்டு ஓலை வாசித்துப் பழகிய அழிசி சாத்தனுடைய நாக்கு அச்சொல்லில் போய் முடியும் எட்டு வரிகளைத் தானாகவே தாண்டிப் போயிற்று. பத்து வில்லைகள் வேண்டுகிறார்கள் என்று மட்டும் வாசித்துவிட்டு, கணீரென்ற தன் குரலைத் தானே மெச்சிக்கொண்டு அமர்ந்தான். அவன் தலையில் இடி விழ!

பிறகு நடந்ததைக் கேளுங்கள். பண்டாரநாயகம் பெருஞ்சேந்தர் வில்லைகளைச் சோதித்தார். எப்படி? உச்சிவெயிலில், கோபுரத்துக் கொடியை நோக்கி! பண்டாரத்துக்குள் வரும் கண்ணாடி எதுவாயினும் கொடியை எத்தனை அருகே காட்டுகிறது என்று பார்த்தே தேர்வது அங்கே வழக்கம். முழ நீளத்து வில்லை கொடியின் நூலிழையை எண்ணிக் காட்டிற்று. குறுவில்லையில் கோபுரமே பொம்மையளவு தெரிந்தது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். விண்மீனைப் பிடிக்கும் வில்லையை விண்மீனைக் காட்டிச் சோதிக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. உரல் போன்ற பத்து நீள்வில்லைகள் இலச்சினை பொறித்துக் கொற்றிக்கு வழங்கப்பட்டன.

அவற்றைப் பார்த்ததும் அவள் முகம் செத்துவிட்டது. அழிசி சாத்தனைத் தாழ்வாரத்தில் மறித்து, "ஐயா, நான் எழுதினதப் படிச்சீங்களா இல்லையா? இது நிலாவ மட்டும் பாக்குறதுக்கு நல்லாருக்கும். எங்க ஆளுங்க கையில இத வச்சுக்கிட்டு என்ன செய்வாங்க?" என்று கேட்டாள். படித்ததாக இவன் பொய் சொன்னான். அரசர் பெரிதாகவே கொடுத்திருக்கும்போது சிறிதைக் கேட்டு நிற்பது முறையன்று என்றும், பெரியது நல்லதாகத்தான் இருக்கும் என்றும் புத்தியும் சொன்னான். வில்லையைப் பற்றி இவனுக்கு என்ன தெரியும்? ஒரு மண்ணும் தெரியாது.

வால்மீன் வந்து பதினொரு நாள் நின்றது. முதல் நாலு நாளும் அவர்கள் பிடித்த தகடுகளில் மீன்களெல்லாம் சாரல் மழைபோல் சாய்ந்த கோடுகளாய் விழுந்தன. திறக்கும் நேரத்தைக் குறைத்தார்கள். தகடு கரியாய்க் கிடந்தது. வானத்தோடு சேர்த்துப் பெட்டியைக் கையால் மெல்லத் திருப்பிப் பார்த்தார்கள், கோடுகள் நெளிந்து விழுந்தன. வில்லையின் கனம் தாங்காமல் முக்காலி இருமுறை குப்புற விழுந்தது. எப்படிப் பிடித்தாலும் வால் பாதிக்குமேல் தகட்டுக்குள் வரவில்லை. எட்டாம் நாள் ஊரே ஒப்பாரி வைத்ததாகக் கேள்வி.

ஒன்பதாம் நாள், பரிசல்துறைச் சந்தையில் பேரம் பேசி எப்போதோ தன் கைக்காசில் வாங்கியிருந்த கீறல் விழுந்த குறுவில்லையைக் கொற்றி பெட்டியில் பொருத்தினாள். இலச்சினை இல்லாதது என்று தெரிந்தே பொருத்தினாள். படம் வந்தது. ஐந்து நாள் நடந்து அதை அவைக்குக் கொண்டுவந்தாள். அந்தப் படத்தைப் பார்த்தவர்களில் அழிசி சாத்தனும் ஒருவன்: ஒவ்வொரு மீனும் கடுகுபோல் உருண்டையாய், நடுவே வால்மீன் தன் முழு வாலும் விரித்து நின்றது. அரசர் எழுந்து வந்து தகட்டைத் தம் கையில் ஏந்திக்கொண்டார்.

அப்போது பெருஞ்சேந்தர், இதைப் பிடித்த வில்லையின் இலச்சினை எங்கே என்று கேட்டார். கொற்றி மறைக்கவில்லை. சாசனப்படி இப்படம் படமாகக் கொள்ளப்படாது என்று தீர்ப்பாயிற்று.

அழிசி சாத்தன் எழுந்தான். இதையாவது இவன் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். எட்டு வரியைத் தான் வாசியாது விட்டதையும், அவ்வரிகளில் இருந்ததையும், குற்றம் ஊருடையதன்று தன்னுடையது என்பதையும் அவையறியச் சொல்லித் தரையில் விழுந்தான். அரசர் அவனைத் தூக்கி நிறுத்தி, அவ்வரிகளை வாசித்திருந்தால்தான் குற்றம், வாசியாமல் அவையின் மாண்பைக் காத்தாய் என்று பாராட்டிப் பட்டுச் சால்வை போர்த்தினார். கழுத்தைச் சுற்றிப் பாம்பு கிடந்தாலும் அப்படி அருவருத்திருக்காது. உதறி எறிய இவனுக்குத் துணிவில்லை. இன்னும் வீட்டில்தான் கிடக்கிறது.

வாயிலில் கொற்றி நின்றிருந்தாள். இவனைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தான், திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். "நிலம் போனது போகட்டுங்கய்யா. படத்தையாவது திருப்பிக் குடுக்கச் சொல்லுங்க. எதுக்காக ஊர விட்டோம்னு பின்னால வர்றவங்களுக்குக் காட்டணுமில்ல?" என்றாள். கேட்டுச் சொல்வதாக இவன் வாக்களித்தான். அந்த வாக்கின்படி மறுநாளே அரசர் திருமுன் நின்று கேட்கவும் கேட்டான்.

இனி ஆணை.

வரும் மூன்றாம் பிறைக்குள் விண்ணோக்கி ஊரின் முப்பத்திரண்டு குடிகளும் வான்காணி நிலத்தை விட்டு நீங்குக. அந்நிலம் யானைப்பந்திக்குத் தீவனப்புலமாக அளந்து கல் நாட்டப்படுக. இலச்சினை பொறித்த நீள்வில்லைகள் பத்தும் பஞ்சில் பொதிந்து, கீறல் படாமல் பண்டாரத்துக்குத் திருப்பியனுப்பப்படுக. வால்மீன் படம் அரசர் பள்ளியறையில் பொற்சட்டமிட்டு மாட்டப்பட்டிருக்கிறது; அதன்கீழ் அரசர் திருப்பெயர் பொறிக்கப்பட்டுள்ளது; வேறு பெயர் பொறிக்க உத்தரவில்லை. கொற்றி என்பவள் கேட்டால், படம் தரப்படாது என்று சொல்க.

இவ்வாணை மலையுள்ளளவும் நிலைக்க. இது கோப்பெருவேள் திருவுளப்படி அழிசி சாத்தன் தன் கையெழுத்து. இலச்சினை வைக்கையில் அரக்கு ஒருபுறம் வழிந்திருக்கிறது. அதைக் காட்டி ஆணையை நிறுத்தி வைக்கலாமா என்று தாங்கள் எண்ணக்கூடும். இவனும் எண்ணிப் பார்த்தான். முத்திரை செல்லும்.