நான் பழக்கியவர்கள்

பாப்பாவின் அம்மாவுக்கு,

போனில் சொன்னால் பாப்பா ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே காதைத் தீட்டிக்கொண்டு கேட்பாள். அதனால்தான் எழுதி உன் தம்பியிடம் கொடுத்தனுப்புகிறேன்.

பக்கத்துப் பண்ணையில் பறவைக் காய்ச்சல் என்று நேற்று உறுதியாகிவிட்டது. சுற்றுவட்டாரத்தில் ஒரு கோழிகூட மிஞ்சக் கூடாது என்று உத்தரவு. காலையில் நம் கதவைத் தட்டியவர்கள், கோழிகளை எப்படிப் பிடித்து அழிப்பது என்று எங்கள் கால்நடைத் துறை அலுவலகத்தில் நான் வகுப்பெடுத்த புது ஊழியர்கள்தான்.

"சார், நீங்க உள்ள போயிடுங்க. நாங்க பாத்துக்கறோம்," என்றாள் ஒரு பெண்.

போகத்தான் நினைத்தேன். ஆனால் அவர்களின் முகமூடிகளைக் கண்டு நம் கோழிகள் அலறிச் சிதறின. மிரட்டாமல் பிடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவன் நான்தானே. தீவனத் தட்டைத் தட்டினேன். எல்லாம் என் காலடிக்கு ஓடி வந்தன. ஒவ்வொன்றாகத் தூக்கி நானே கொடுத்தேன்.

"சரியா செய்றோமா சார்?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"சரியாத்தான்மா செய்றீங்க."

கோழிகளைத் தொட்ட என்னை இனி பாப்பாவின் வார்டுக்குள் விட மாட்டார்கள். நீ இதைப் படித்ததும் பாப்பாவின் காய்ச்சலைப் பார்க்கும் டாக்டரிடம் போ. நம் வீட்டில் கோழி வளர்த்தோம் என்று சொல். தினமும் கூண்டைக் கூட்டிச் சுத்தம் செய்தது பாப்பாதான் என்பதையும் சொல்லிவிடு.

இப்படிக்கு,
அவள் அப்பா