சக்ரேஸ்வரி அத்தையின் ராச்சாப்பாடு

ஆரணி
21.8.1983

சௌபாக்கியவதி ரத்னாவதிக்கு அம்மா எழுதிக்கொள்வது. அருகன் அருளால் நாங்கள் இங்கே ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அப்படியே இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு நின்றதா, பால் பவுடரை மாற்றாதே, மாற்றி மாற்றிக் கொடுத்துத்தான் நீயும் அந்த வயதில் இளைத்தாய். அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, ஜரிகைக் கடையில் நாள் முழுக்கச் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் வலிக்காமல் என்ன செய்யும், சொன்னால் என் மேல் எரிந்து விழுகிறார். அது கிடக்கட்டும். உன் சக்ரேஸ்வரி அத்தை பத்து நாளாக நம் வீட்டில் இருக்கிறாள். பயப்படாதே, சாதுவாகத்தான் இருக்கிறாள். எனக்குத்தான் எது சரி எது தப்பு என்று ஒன்றும் பிடிபடவில்லை, உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்.

புத்தி சரியில்லை என்று அவளைப் பட்டணத்து ஆஸ்பத்திரியில் விட்டு பத்தொன்பது வருஷம் ஆகிறது, உனக்கு அப்போது ஐந்து வயது. போன மாதம் அங்கிருந்து அவசரமாக வரச்சொல்லிக் கடிதம் வந்தது, நானும் அப்பாவும் ஓடினோம். புதிதாக ஒரு டாக்டர், மீசைகூட சரியாக முளைக்காத பிள்ளை, பூட்டி வைத்து மாத்திரை கொடுப்பது மட்டும் வைத்தியம் இல்லை, வீட்டில் வாழ்வது மாதிரி வாழப் பழக்க வேண்டும் என்கிறார். பன்னிரண்டு பெண்களைப் பொறுக்கித் தனிக் கட்டிடத்தில் வைத்திருக்கிறார். சொந்தப் புடவை கட்டலாம், பல் துலக்கினால் ஒரு அட்டை, படுக்கையை மடித்தால் ஒரு அட்டை, அட்டையைக் கொடுத்துப் பவுடரோ மல்லிப்பூவோ வாங்கிக்கொள்ளலாம். வாரம் ஒரு நாள் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து மனசில் இருப்பதைச் சொல்ல வேண்டுமாம். எனக்கு நர்சரிப் பள்ளிக்கூடம் ஞாபகம்தான் வந்தது, சிரிப்பை அடக்கிக்கொண்டேன். முன்பெல்லாம் ஐந்து மணிக்கு வரிசையில் நிற்கவைத்துத் தட்டில் சோறு போட்டு ஆறு மணிக்குக் கதவைப் பூட்டிவிடுவார்கள். இப்போது ஏழரை மணிக்கு, விளக்குப் போட்டு, மேஜையில் இலை விரித்து, வீடு மாதிரி. மற்ற பதினொரு பேரும் தேறி வருகிறார்களாம். அத்தை மட்டும் ஆறு வாரமாக ராத்திரியில் ஒரு பருக்கை தொடவில்லை, எலும்பும் தோலுமாக இருந்தாள். இவளுக்கு இந்த முறை ஒத்துவரவில்லை, பழைய பூட்டிய வார்டுக்கே அனுப்பப் போகிறோம், அதைச் சொல்லத்தான் கூப்பிட்டோம் என்றார்.

நான் தூக்குச்சட்டியில் கொண்டுபோன புளிச்சோற்றை நாலு மணிக்கு அவள் வழித்துச் சாப்பிட்டிருந்தாள். எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ தெரியவில்லை, டாக்டர், நாங்கள் ஜைனர்கள், பொழுது சாய்ந்தபின் வாயில் எதுவும் வைக்கமாட்டோம், அவள் நியமம் காக்கிறாள், இது பைத்தியம் இல்லை என்று சொல்லிவிட்டேன். அவர் அப்படியே அசந்துபோனார். அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். பார்க்கமாட்டாரா? கடை வைத்த நாளிலிருந்து நம் வீட்டில் அந்த நியமம் ஏது, நெசவுக்காரர்கள் தறியை விட்டு இறங்கி ஜரிகைக்கு வருவதே விளக்கு வைத்த பிறகுதான். அத்தையும் நல்லா இருந்த காலத்தில் ராத்திரியில் சாப்பிட்டவள்தான். பொய்தான் சொன்னேன், பாவம்தான். ஆனால் மறுநாளிலிருந்து ஐந்து மணிக்குச் சமையல்கட்டு ஓரத்தில் தனியாகத் தட்டில் கொடுத்தார்களாம், சாப்பிட்டாளாம். டாக்டருக்கு ஒரே சந்தோஷம், பதினைந்து நாள் வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார். ஒரு நோட்டும் கொடுத்திருக்கிறார், என்ன செய்தாள், எத்தனை மணிக்குச் சாப்பிட்டாள் என்று தினம் எழுத வேண்டும்.

சொன்ன பொய்க்காக நாங்களும் ஐந்தரைக்குச் சாப்பிட ஆரம்பித்தோம். அப்பா கடையைப் பாதியில் விட்டு வந்து, பேஜாரா இருக்குது என்று முனகிக்கொண்டே சாப்பிட்டுத் திரும்பிப் போவார். ஒன்பது நாள் சரியாகப் போயிற்று. நேற்று முகூர்த்தப் பட்டுக்கு ஜரிகை கேட்டு ஆள்மேல் ஆள் வந்து அப்பாவால் கடையை விட்டு வரமுடியவில்லை. அத்தைக்கு இலை போட்டேன், கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கெஞ்சினேன், அதட்டினேன். இருட்டிவிட்டது, இனி எங்கே சாப்பிடப்போகிறாள் என்று எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. எட்டு மணிக்கு அப்பா செருப்பை விட்ட சத்தம் கேட்டதும் எழுந்தாள். அவளே அவருக்கு இலை போட்டாள், சோறு வைத்தாள், பக்கத்தில் உட்கார்ந்து அவளும் சாப்பிட்டாள், ரசத்துக்கு மறு சோறு கேட்டாள். ஏன்டி அப்பவே சாப்பிடல என்றேன். அண்ணன் வராம எப்பிடி அண்ணி சாப்புடறது என்றாள்.

ரத்னா, ஆஸ்பத்திரி நர்ஸ் பாக்கியமேரி, சேத்துப்பட்டுப் பெண், பஸ் ஏற்றிவிட்டபோது சொன்னது அப்போதுதான் மண்டையில் ஏறியது. ராத்திரி மேஜையில இவங்க பக்கத்து நாற்காலியில ஒருத்தரையும் ஒக்கார வுடமாட்டாங்க, வாசலயே பாத்துகினு இருப்பாங்க என்றாள். தட்டில் போட்டால் அது ஆஸ்பத்திரிச் சோறு, தின்றுவிட்டாள். வீடு மாதிரி இலை போட்டதும் வீட்டு மனுஷர் வருவார் என்று காத்திருந்தாளா? அப்படியென்றால் அந்தப் புது வைத்தியம் அவளைக் கெடுத்ததா, இல்லை எழுப்பியதா? அவள் படுத்த பிறகு அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். வருஷம் ரெண்டு வாட்டி போனேன், பழத்தைக் குடுத்துட்டு மூணு மணி பஸ்ஸுக்கு ஜல்தி ஜல்தியா ஓடியாந்தேன், ஒரு வேளைகூட அவகூட ஒக்காந்து சாப்புடலியே என்றார்.

நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதிவிட்டேன், நான் சொன்ன பொய்யையும் சேர்த்து. வெள்ளிக்கிழமை அதை எடுத்துக்கொண்டு போக வேண்டும். டாக்டர் திரும்ப விட்டுவிடுங்கள் என்றால் எனக்குத் தாங்காது, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றாலும் பயமாக இருக்கிறது. உன் கல்யாணத்தின்போது அவளைப் பற்றி வாய் திறக்காமல் இருந்துவிட்டோம், மாப்பிள்ளையிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு. நீங்கள் மூவரும் தீர்க்காயுசாக, நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். குழந்தைக்குக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரே கொடு, மறக்காதே.

இப்போது அத்தை என் பக்கத்தில் வந்து நிற்கிறாள். யாருக்கு அண்ணி எழுதறீங்க என்றாள், ரத்னாவுக்கு என்றேன். கொழந்த சாப்ட்டுச்சா, கேட்டு எழுதுங்க என்கிறாள். அவளுக்கு நீ இன்னும் ஐந்து வயதுதான். கேட்டதை எழுதிவிட்டேன், பதிலை அவள் பேருக்கே எழுது.

இப்படிக்கு
உன் அம்மா
தர்மாம்பாள்