ஹிஜ்ரி 1326: மதீனாவுக்கு இரண்டு பயணச்சீட்டுகள்

டமாஸ்கஸ், ஷவ்வால் மாதம்

கண்ணுக்குக் குளிர்ச்சியான மகனே, இறைவனின் சாந்தி உன்மீது பொழிவதாக.

இந்த ஒரே ஆண்டில் இஸ்தான்புல்லில் அரசியல் சட்டம் மீண்டது. நீ வேலைசெய்த இரும்புப் பாதை மதீனாவைத் தொட்டது. நபிபெருமானின் பள்ளிவாசலில் மின்விளக்கு எரிந்தது. ஹாஜிகளை ஒட்டகத்தில் அழைத்துச்செல்லும் நம் வீடு மட்டும் மாறாதிருந்தது.

நேற்று அதுவும் மாறியது. ஒட்டகம் மண்டியிட்டும் உன் தாயால் ஏற இயலவில்லை.

“என்னங்க, ஒட்டகமே எனக்காக முட்டி போடுது. நீங்க அந்த ரயிலுக்காகக் கொஞ்சம் வளையக் கூடாதா?” என்றாள்.

முன்பு நான் மக்காவின் ஜம்ஜம் நீரில் நனைத்துக் கொண்டுவந்த கஃபன் துணியை, இறந்தபின் உடுத்தும் அந்த வெள்ளையை, பெட்டியின் அடியில் மடித்து வைத்தாள். “திரும்பி வர்ற சீட்டு உங்களுக்கு மட்டும் போதும்” என்றாள். இருவருக்குமே வாங்கினேன்.

சீட்டோடு திரும்பும் வழியில் காப்பிக்கடை அபூ நஸீப், “என்ன ஹாஜி, ரயிலுக்குத் தீவனம் வாங்கியாச்சா?” என்று கூவினான்.

“உன் காப்பித்தூளே போதுமாம். கரிக்கும் அதுக்கும் வித்தியாசம் தெரியலையாம்!” என்றேன்.

அவள் உடம்புக்கு இந்தப் பயணம் வேண்டாமென்கிறார் மருத்துவர். துன்பத்தின் அருகிலேயே இலகுவை வைத்தவன் இறைவன்; ஆகவே போகிறோம். ஒட்டகக்காரன் மகன் இரும்புக்கு ஊழியம் செய்யலாமா என்னும் நம் வழக்கை மதீனாவில் தொடரலாம். நான் இன்னும் தோற்கவில்லை.

வெள்ளிக்கிழமை மதீனா நிலையத்தில் நில். அவளை இறக்க இருவர் வேண்டும். வேறெவரையும் நான் கூப்பிடப் போவதில்லை.

உன் வரவை எதிர்நோக்கும்,
தந்தை