இரண்டு முறை எழுதிய அதிகாரம்

மார்ச் 4, செவ்வாய்

கூரைமேல் இருக்கிற சோலார் தகடு இன்றும் சண்டித்தனம். லேப்டாப் அரை மணி நேரம்கூட நிற்கவில்லை. இருபத்திரண்டு வருஷமாக இந்த மலைக்கிராமத்தில் இதே பாட்டுத்தான். என் வீட்டுக்காரர் வேதத்தை இந்த மக்களின் மொழியில் நோட்டில் எழுதுவார். நான் டைப் அடிப்பேன். மின்சாரத்தோடு மல்லுக்கட்டுவதும் என் ஊழியத்தில் சேர்த்தி. புதிய ஏற்பாட்டில், சபைகளுக்கு எழுதின கடிதங்களில், இன்னும் மூன்றே நிருபங்கள் பாக்கி.

மத்தியானம் நோட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "ஏம்மா, கப்பல் அதிகாரம் முடிஞ்சுது! ஒரு வார்த்தைக்கு மூணு நாள் மண்டையை உடைச்சேன். நங்கூரத்துக்கு என்ன போட்டேன் தெரியுமா? முளை! ஆட்டைக் கட்டுற முளை! தண்ணிக்கு அடியில அடிக்கிற முளை!"

பவுல் போன கப்பல் புயலில் உடைகிற அதிகாரம். கடலையே பார்க்காத ஜனங்களுக்கு அதை எப்படிச் சொல்வது என்று போன வருஷம் மூன்று வாரம் திண்டாடினார். அட்டையில் கப்பல் செய்து துணி அலசும் தொட்டியில் மிதக்கவிட்டு, மொழித்துணைக்கு வரும் தையல்காரியைக் கூப்பிட்டு ஒவ்வொரு பாகமாகக் காட்டினார். கடைசியில் அவர் கண்டுபிடித்த வார்த்தை முளைதான். அன்றைக்கும் இதே மாதிரி செருப்போடு ஓடி வந்தார். நான் டைப் அடித்து, சரிபார்த்து, தனிப் புத்தகமாக அச்சுக்கே போய்விட்டது.

"அருமையா இருக்குங்க" என்றேன். டீ போட்டுக் கொடுத்தேன். அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

மார்ச் 5, புதன்

இது போன வருஷமே எழுதியது என்று அவரிடம் சொல்லவில்லை. அந்த அதிகாரத்தை இரண்டாம் முறை முழுவதுமாக டைப்பும் அடித்தேன். பைத்தியக்காரி.

மார்ச் 13, வியாழன்

வயசு, அலுப்பு, தூக்கமில்லை என்று ஒரு வருஷமாக நானே எனக்குப் பூசி மெழுகிக்கொண்டிருந்தேன். கண்ணாடியை அரிசி டப்பாவுக்குள் வைத்தார், சிரித்தேன். ஜெபக்கூட்டத்தில் ஒரே ஜெபத்தை இரண்டு தடவை செய்தார், ஆவியில் நிறைந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். என்ன ஒரு புத்திசாலி நான்!

இன்று தையல்காரியின் வாயைப் பிடுங்கினேன். இந்த ஊரில் தையல் மெஷின் வைத்திருக்கிறவள் அவள் ஒருத்திதான். பதினான்கு வருஷமாக இவருக்கு மொழித்துணையும் அவள்தான். ஒரு பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தவள் மெஷினை நிறுத்தவே இல்லை. நான் விடவில்லை. கடைசியில் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு அழுதாள். (இவர்கள் பேசுவதை நம் மொழியில்தான் எழுதுகிறேன், இவர்கள் மொழியில் எழுத எனக்குக் கை வராது.)

"ஐயா பாதி வாக்கியத்துல நின்னுடுவாருக்கா. அப்படியே ஜன்னலைப் பாப்பாரு. நான் உங்க மொழி வேதத்தை எடுத்து வச்சுப் படிச்சு, எனக்குத் தோணினதை எழுதி முடிச்சுடுவேன். அவரு படிச்சுப் பாத்துட்டு சரிதாம்பாரு."

"எத்தனை நாளா?"

"போன மழையிலேர்ந்து."

போன மழை என்றால் பத்து அதிகாரம். பத்து அதிகாரத்தில் எது அவர், எது இவள் என்று யாருக்கும் தெரியாது. மூல மொழியைக் கரைத்துக் குடித்தவர் அவர். இவளுக்கு அதில் ஓர் எழுத்துத் தெரியாது. நல்ல மனசோடுதான் செய்திருக்கிறாள். ஆனால் ஊகம் ஊகம்தானே? வீட்டுக்கு வந்து நோட்டுகளைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஓர் இடத்தில் பதினோரு வசனம் இல்லவே இல்லை. இன்னோர் இடத்தில் வேறு ஏதோ நிருபத்தின் வரி வந்து உட்கார்ந்திருக்கிறது. சரிசெய்ய எனக்குத் தெரிந்த மொழி போதாது. உப்பு கேட்கவும் சண்டை போடவும் வரும் எனக்கு, அவ்வளவுதான்.

எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. கிணற்றடியில் பெண்கள் இவரைக் கைப்பிடித்து வீட்டில் விட்டுப் போவது மரியாதைக்கு என்று நினைத்தேனே!

மார்ச் 22, சனி

இன்று அவர் தெளிவாக இருந்தார். முன்பெல்லாம் இருந்த மாதிரி. கட்டிலில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "கப்பல் அதிகாரத்தை நான் ரெண்டு தடவை எழுதிட்டேன் இல்லே?"

மடித்துக்கொண்டிருந்த துணியை மடியிலேயே போட்டுவிட்டேன்.

"பீரோவுல பழைய நோட்டைப் பாத்தேன். ரெண்டுலயும் முளைன்னுதான் போட்டிருக்கேன்" என்று சிரித்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "இன்னும் மூணு நிருபம்தான். சரிபாக்க ஆலோசகர் வர்றப்போ எதுவும் சொல்லிடாதே. இதை என்கிட்டேர்ந்து வாங்கிட்டாங்கன்னா அப்புறம் நான் யாரு, சொல்லு?"

சொல்ல மாட்டேன் என்றேன். சத்தியம் கேட்டார். நாங்கள் சத்தியம் பண்ணுகிறவர்கள் இல்லை. ஆனாலும் பண்ணினேன்.

ஏப்ரல் 3, வியாழன்

பள்ளிக்கூடத்துச் சுவரோரம் நின்றால்தான் போனில் சிக்னல் கிடைக்கும். அங்கே நின்று மகளிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவளுக்கு என் வாய்.

"அப்பாவைக் கூட்டிட்டு இங்க வந்துடுங்கம்மா. அங்க டாக்டரும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. யாருக்காக இன்னும் அங்க?"

நாலாவது மாடியில் வீடு அவளுக்கு. லிஃப்டில் எந்தப் பொத்தானை அமுக்குவது என்று அவருக்குத் தெரியுமா? இங்கே எந்தப் பாதையில் போனாலும் யாராவது திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். இதைச் சொன்னதும் அவள் அழ ஆரம்பித்தாள். "உங்களை ரெண்டு பேரையும் அந்த ஊருக்குத் தூக்கிக் குடுத்துட்டு நான் ஹாஸ்டல்ல வளந்தேன். இப்பவும் அந்த ஊர்தானா?"

சிக்னல் போய்விட்டது என்று பொய் சொல்லி வைத்துவிட்டேன். ஆண்டவரே, எத்தனை பொய்!

ஏப்ரல் 14, திங்கள்

ஆலோசகர் வந்துவிட்டார். தலைமை அலுவலகத்திலிருந்து வந்து வசனம் வசனமாகக் கேள்வி கேட்டு, எல்லாம் சரி என்று தோன்றினால் கையெழுத்துப் போடுகிறவர். அந்தக் கையெழுத்து விழுந்தால் நேரே அச்சுதான். நல்ல மனுஷர், பேச ஆரம்பித்தால்தான் நிறுத்தத் தெரியாது.

இன்று இவருக்கு நல்ல நாள். சட்டையை நானே பொத்தான் போட்டு அனுப்பினேன். எதிர்க்கேள்வி கேட்டு ஆலோசகரையே திணறடித்தார். "ஐயா இன்னும் சிங்கம்தான் சிஸ்டர்" என்றார் ஆலோசகர். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

ஏப்ரல் 15, செவ்வாய்

அந்தப் பத்து அதிகாரங்களுக்கு வந்தார்கள். "இந்த இடத்துல ஏன் இப்படிப் போட்டீங்க ஐயா?" என்று ஆலோசகர் கேட்டார். இவர் தையல்காரியைப் பார்த்தார். அவள் டக்கென்று ஒரு காரணம் சொன்னாள். இவர் தலையாட்டினார். அடுத்த கேள்விக்கும் அப்படியே. பதினோரு வசனம் விட்டுப்போன இடத்தைப் பயணக்களைப்பில் ஆலோசகர் தாண்டியே போய்விட்டார். நான் டைப் அடிக்கிற மேஜையில் உட்கார்ந்து, எதுவும் தட்டாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாளை மத்தியானம் கையெழுத்து.

இன்னும் நூறு வருஷம் இந்த ஜனங்கள் அதைப் படிப்பார்கள். இவர் பெயரை நம்பிப் படிப்பார்கள். இதற்காகவா பெற்ற பெண்ணை ஹாஸ்டலில் விட்டோம்? ஆனால் சத்தியம்? ஆனால் இவர்?

ஏப்ரல் 16, புதன்

சொல்லிவிட்டேன்.

காலையில் ஆலோசகர் வெளியே தொட்டியருகில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். துண்டைக் கொடுக்கிற சாக்கில் போனேன். நாலு வாக்கியத்தில் முடித்துவிட்டேன். அவர் துண்டை வாங்கவே இல்லை, தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றார். "எனக்கு ஒண்ணும் தெரியலையே சிஸ்டர்" என்றார். திரும்பினால் வாசலில் இவர்.

எல்லாம் கேட்டிருக்கிறார். கத்தவில்லை. உள்ளே போய் நோட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஓரம் தட்டி அடுக்கி, ஆலோசகர் முன்னால் கொண்டுவந்து வைத்தார். "இந்தாங்க" என்றார். என் பக்கம் பார்க்கவே இல்லை.

என்ன பண்ணிட்டேன் நான்? இருபத்திரண்டு வருஷம். அவருன்னு ஒருத்தர் இருக்கிறதே அதுலதான். அதைப் பிடுங்கிக் குடுத்துட்டேனே, நானே, என் கையால —

ஏப்ரல் 17, வியாழன்

தட்டை நகர்த்திவிட்டு எழுந்துபோனார்.

ஏப்ரல் 19, சனி

காலையில், "ஏம்மா, டீ ஆயிடுச்சா?" என்றார். பழைய குரல். ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, "கோபம் போயிடுச்சாங்க?" என்று கேட்டேன்.

"யாருக்குக் கோபம்?"

அன்றைக்குத் தொட்டியடியில் நடந்ததைச் சொல்லிப் பார்த்தேன். முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. யாரோ பக்கத்து வீட்டுச் சண்டையைக் கேட்கிற மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார். மன்னித்துவிட்டேன் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லமாட்டாரா என்று மூன்று நாளாகக் காத்துக்கிடந்தேன். மறந்துவிட்டார். இனிமேல் எனக்கு மன்னிப்பு யாரிடமிருந்து வரும்? அடுப்படியில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

மே 29, வியாழன்

முந்தாநாள் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. நாங்கள் இந்த வீட்டிலேயே இருக்கலாம். பத்து அதிகாரமும் முதலிலிருந்து, பாக்கி மூன்று நிருபமும். பொறுப்பு தையல்காரிக்கு, மூல மொழிக்கு ஆலோசகரே மாதம் ஒரு வாரம் வந்து கூட உட்காருவார்.

அவள் மாட்டவே மாட்டேன் என்றாள். "நான் கிழிஞ்சதை ஒட்டுப்போடுறவக்கா. என்னைப் போய்..." நான் திட்டினேன். ஒரு வருஷமாகத் திருட்டுத்தனமாகச் செய்தாயே, இனி வெளிச்சத்தில் செய் என்று. கடுமையாகத்தான் சொன்னேன். திருதிருவென்று விழித்தாள். மறுநாள் வந்துவிட்டாள், நோட்டோடு.

ஜூன் 20, வெள்ளி

மகள் வந்து ஐந்து நாள் இருந்தாள். அப்பாவுக்குத் தலை வாரிவிட்டாள். கிளம்பும்போது அவர், "அப்பா அம்மா சௌக்கியமா?" என்று அவளிடம் கேட்டார். "ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிக்கொண்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

எல்லாம் சேர்ந்த முழு அச்சுக்கு முன், முடிந்த புத்தகங்களைக் கடைசி முறை சோதித்துக்கொண்டிருக்கிறார்கள். சோதனை எளிதுதான். அந்தப் பகுதியை இதுவரை கேட்டிராத ஒருவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அவர் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் மொழிபெயர்ப்பு தேறிவிட்டது. இந்த ஊரில் கேட்காத காதே கிடையாது. பக்கத்து மலையிலிருந்து கல்யாணமாகி வந்த ஒரு பெண்ணைத் தையல்காரி பிடித்து வந்திருந்தாள். அந்தப் பெண்ணுக்கு வெட்கம். தலையை நிமிர்த்தவே இல்லை.

வாசித்தது, நடக்கமுடியாதவனை நாலு பேர் கட்டிலோடு தூக்கி வந்து, கூரையைப் பிரித்து இயேசுவின் முன்னால் இறக்குகிற கதை. இவர் பத்தொன்பது வருஷத்துக்கு முன், இந்த மொழியில் முதன்முதலாக எழுதிய பகுதி. இவரும் அங்கேதான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். தனியே விட முடியாது என்று நான்தான் உட்கார வைத்தேன்.

தையல்காரி வாசித்து முடித்தாள். "என்ன நடந்துதுன்னு சொல்லும்மா" என்றாள். அந்தப் பெண் வாயைத் திறக்கவில்லை. இன்னொரு முறை கேட்டாள். அப்போது ஜன்னலோரத்திலிருந்து இவர் சொல்ல ஆரம்பித்தார். நாலு பேர், கட்டில், கூட்டம், கூரை, ஒன்று விடாமல், அந்த மொழியில், ஒரு தட்டுத் தடங்கல் இல்லாமல். வாரக்கணக்கில் முழு வாக்கியம் பேசாத மனுஷர். கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். கட்டிலை இறக்குகிற இடத்தில் எழுந்தே நின்றுவிட்டார். "எல்லாம் சரி, அந்தக் கூரையை அப்புறம் யாரு வேஞ்சு குடுத்தா? வீட்டுக்காரன் பாவமில்லையா?" என்றார். வெட்கப்பட்ட பெண்கூடச் சிரித்துவிட்டாள்.

பிறகு என் பக்கம் திரும்பினார். "இது ரொம்ப நல்லா இருக்குங்க. யாரு எழுதினது?"

தையல்காரி குனிந்துகொண்டாள்.

"எங்க வீட்டுக்காரர்" என்றேன்.

"இந்த ஊர்க்காரரா?"

"ஆமாங்க."

"அதானே பாத்தேன். வெளியாளுக்கு இப்படி வராது. நீங்க குடுத்து வச்சவங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து, மறுபடி ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்தார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு தையல்காரி படிவத்தை எடுத்தாள். கேட்டவருக்குப் புரிந்ததா என்கிற கட்டத்தில், முழுவதும் என்று எழுதினாள். அடுத்த கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. "இதுக்கு முன்னாடி கேட்டதுண்டான்னு ஒண்ணு இருக்கே. என்னக்கா போடட்டும்?"

"இல்லைன்னு போடு" என்றேன்.